டி டிரைவில் போட்டால் கத்தாது

அருப்புக்கோட்டையில் என்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. சொல்லட்டும். இந்த ஊரிலும் திருச்சுழி வரைக்கும் உள்ள கிராமங்களிலும் இருபத்தாறு வருடம் வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவள் நான். ஸ்க்ரூ டிரைவர் பையோடு ஒரு பெண் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் மேலும் கீழும் பார்த்த காலத்தில் தொடங்கியது என் தொழில். அதையெல்லாம் தாண்டி வந்தவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

முழங்கால் ஒத்துழைக்காததால் போன வருடம் தொழிலை நிறுத்திவிட்டேன். சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நாலைந்து பேர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். தருகிறேன். ஆனால் எந்த ஸ்க்ரூவை எப்படிக் கழற்றுவது என்று எழுத மாட்டேன். அதற்கு வீடியோக்கள் ஆயிரம் இருக்கின்றன. வீடியோவில் யாரும் சொல்லாத ஒன்றை, என் பெயருக்கு இழுக்கான ஒன்றை எழுதுகிறேன்.

வீட்டுக்காரர்கள் உங்களிடம் அதிகமாகக் கேட்கப்போகிற கேள்வி, "எந்த ஆண்டிவைரஸ் நல்லது?" என்பதுதான். நான் தொழில் செய்த காலத்தில் இதற்கு ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன். அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் ஒரு பெயரைச் சொல்லிவிடுவேன். டாக்டர் முகத்தைப் பார்த்தே மருந்து எழுதுகிற மாதிரி ஒரு கெத்து அதில் இருந்தது.

திருச்சுழியில் ஓய்வு பெற்ற தாசில்தார் ஆபீஸ் அய்யா ஒருவர் ஒரே கம்ப்யூட்டரில் மூன்று ஆண்டிவைரஸ் போட்டு வைத்திருந்தார். "ஒண்ணு அசந்தா இன்னொண்ணு பாத்துக்கிருமுல்ல" என்றார். மூன்றும் ஒன்றையொன்று திருடன் என்று நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பட்டனை அமுக்கிவிட்டுக் குளித்து, பூசை முடித்து, இட்லியும் சாப்பிட்டுவிட்டு வந்தால்தான் திரை தெரியும். இரண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தேன். அந்த மாதிரி வேலையில் என்னை அடிக்க ஆள் கிடையாது என்று நானே எண்ணிக்கொள்வேன். உண்மையும் அதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் தறிக்கு டிசைன் வரைகிறவர்கள் பலர் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து வரைகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சேலைக் கரையும் முந்தியும் கட்டம் கட்டமாகத் திரையில் வரைந்து, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால், தறிமேல் இருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு அதைப் படித்து நெய்துவிடும். வரைகிற சாஃப்ட்வேரின் விலை ஆளை மலைக்க வைக்கும். அதனால் பல வீடுகளில் ஓடியது பூட்டு உடைத்த சரக்குதான். பூட்டு உடைத்த சரக்கைக் கண்டால் ஆண்டிவைரஸ் சும்மா இருக்குமா? சத்தம் போடும், சிவப்புக் கட்டம் காட்டும், கடைசியில் அழித்தும்விடும். உடனே எனக்குப் போன் வரும். "அக்கா, டிசைன் சாஃப்ட்வேரக் காணோம்."

ஒரு வாரத்தில் ஏழெட்டு முறை இப்படி அலைந்த பிறகு எனக்கு ஒரு வழி தோன்றியது. ஆண்டிவைரஸின் செட்டிங்கில் போய், "டி டிரைவைப் பார்க்காதே" என்று விலக்கு கொடுத்துவிட்டேன். சாஃப்ட்வேரையும் டிசைன்களையும் டி டிரைவில் வைத்தேன். அதோடு சத்தம் நின்றது. வீட்டுக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். "அக்கா போட்டா ஆண்டிவைரஸ் கத்தாது" என்று பெயர் பரவி, வெளியூரிலிருந்தெல்லாம் அழைத்தார்கள். போகிற வீட்டில் எல்லாம் நானே சொல்லிக் கொடுத்தேன்: "எதுக்காச்சும் கத்துச்சுன்னா டி டிரைவுல போட்டுருங்க, கத்தாது." என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஜெயராணி என்று ஒரு டிசைனர். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் தேவராஜ் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். பதினோரு வருடமாக வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து வரைகிறாள். அவளிடம் வருகிற தறிக்காரர்கள் முழுக்கப் புதிதாக எதையும் கேட்க மாட்டார்கள். "அந்த மயில் கரை இருக்குல்ல, அதுல மயிலக் கொஞ்சம் சிறுசாக்கி, நடுவுல மாங்கா வச்சுக் குடு" என்பார்கள். பழைய டிசைன் கையில் இருந்தால் அது அரை நாள் வேலை. இல்லையென்றால் ஒரு வாரம். அந்தப் பழைய டிசைன்கள்தான் அவளுடைய முதல், அவளுடைய கடை, எல்லாம். அவளுக்கும் ஆண்டிவைரஸ் தேர்ந்தெடுத்துப் போட்டுக் கொடுத்தது நான்தான். டி டிரைவுக்கு விலக்கு கொடுத்ததும் நான்தான்.

ஒரு புதன்கிழமை காலை. தீபாவளிச் சேலைக்குத் தறிகள் மாறுகிற சமயம். அடுத்த திங்கட்கிழமை மூன்று தறிக்கூடங்களிலிருந்து ஜெயராணியிடம் டிசைன் வாங்க வருவதாக இருந்தது. நான் திருச்சுழியில் ஒரு வீட்டில் வேலையாக இருந்தேன். போன் அடித்தது.

"அக்கா, பைலுக்கெல்லாம் வாலு முளைக்குது."

"என்ன வாலு?"

"பேருக்குப் பின்னாடி என்னமோ நாலு எழுத்துக்கா. தொறந்தா தொறக்க மாட்டேங்குது. ஒவ்வொண்ணா மாறிக்கிட்டே வருது, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கிற வைரஸ் அது. அதுவரை அடுத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேனே தவிர, என் வாடிக்கையாளர் வீட்டில் வந்ததில்லை.

"உடனே ஆஃப் பண்ணு."

"இருங்கக்கா, முந்தி ஒண்ணு தொறந்து கெடக்கு. ரெண்டு நாளா வரைஞ்சது. சேவ் பண்ணிட்டு..."

"சேவ் பண்ணாத. அது போகட்டும். மெயின ஆஃப் பண்ணு."

 சுவிட்ச் சத்தம் கேட்டது. "பண்ணிட்டேன்."

"நின்னுருச்சா?"

"இல்லக்கா, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

இன்வெர்ட்டர்! கரண்ட் போனாலும் வரைகிற வேலை நிற்கக் கூடாது என்று அதை வாங்கச் சொன்னவளும் நான்தான். பதற்றத்தில் அது எனக்கு நினைவில்லை. "கம்ப்யூட்டருக்குப் பின்னாடி கையவிட்டு வயரப் பிடுங்கு தாயி, எந்த வயரா இருந்தாலும் பிடுங்கு" என்று கத்தினேன். ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. "அணைஞ்சிருச்சுக்கா" என்றாள். 

இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வீடு பற்றி எரியும்போதுகூட மனிதர்கள் ஒரு பெட்டியை மட்டும் எடுத்துவிட்டு வருகிறேன் என்பார்கள். எதை விடுவது என்ற முடிவை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். விட்டுவிடு என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். பிறகு அதற்காக அவர்கள் உங்களைத் திட்டினாலும் பரவாயில்லை. அந்த முந்தியைச் சேமிக்க அவளை விட்டிருந்தால், அதுவும் பூட்டப்பட்டிருக்கும், கூட நூறு டிசைன்களும் போயிருக்கும்.

பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே கோபம். நான் தேர்ந்தெடுத்தது முதல் தரமான ஆண்டிவைரஸ். அதைத் தாண்டி இப்படி ஒன்று உள்ளே வருகிறதென்றால் இவள் எதையாவது செய்து தொலைத்திருக்க வேண்டும். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் அவளைத் திட்டுவதற்கு நாலைந்து வாக்கியங்கள் தயார் செய்துவிட்டேன்.

வீட்டில் தேவராஜும் இருந்தார். ஜெயராணி அணைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"புதுசா என்ன போட்ட?" என்றேன்.

"பழைய சாஃப்ட்வேரப் புதுசாக்குற பேட்ச் ஒண்ணுக்கா. முந்தாநாளு இறக்குனேன். இன்னைக்குத்தான் ஓடவிட்டேன். மொதல்ல ஆண்டிவைரஸு கத்துச்சு. நீங்க சொன்னாப்புல டி டிரைவுல போட்டேன். கம்முன்னு ஆயிருச்சு."

பஸ்ஸில் தயார் செய்த வாக்கியம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஆண்டிவைரஸ் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. வருகிறவன் திருடன் என்று கத்தியது. கத்தினால் கொல்லைப்புறமாக உள்ளே விட்டுவிடு என்று அவளுக்குப் பாடம் எடுத்தவள் நான்.

தேவராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நாங்க ஏதும் தப்பாத் தொட்டுட்டமாக்கா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அந்த வீட்டில் யாரும் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். கண்டதை இறக்கினால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு, தலைநிமிர்ந்து வெளியே வந்திருக்கலாம். அந்தச் சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உங்களிடம் மறைப்பானேன்?

"இல்ல தம்பி. தப்பு என்மேல. அது ஒழுங்காத்தான் கத்தியிருக்கு. அது வாயக் கட்டி வச்சது நான்."

தேவராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னக்கா இம்புட்டுச் சாதாரணமாச் சொல்றீக? பதினோரு வருசம்க்கா. ராணி கண்ணக் கெடுத்துக்கிட்டு வரைஞ்சது" என்றார்.   அவமானமாக இருந்தது. கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஜெயராணி என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, அந்த பேட்ச நேத்து பாளையம்பட்டி சாந்திக்கும் பென் டிரைவுல போட்டுக் குடுத்துட்டேன்."

சாந்தியும் டிசைன் வரைகிறவள்தான். அவளுக்கு உடனே போன் போட்டேன். பென் டிரைவ் மேசைமேல் இருப்பதாகவும் சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்ததாகவும் சொன்னாள். தொடாதே என்றேன். ஒரு வீடு தப்பியது. நான் வந்ததும் வராததுமாக ஜெயராணியைத் திட்டியிருந்தால் இந்தத் தகவல் வெளியே வந்திருக்குமா? பயந்து மறைத்திருப்பாள். தப்பை நான் ஒத்துக்கொண்ட பிறகுதான் அவளும் தன்னுடையதைச் சொன்னாள். நேர்மை என்று பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். நம் தொழிலுக்கு இது ஒரு கருவி. டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவரும் மாதிரி பையில் இருக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்ததில் மூன்றில் இரண்டு பங்கு டிசைன்கள் பூட்டப்பட்டிருந்தன. பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருந்தது. கடன் வாங்கியாவது கொடுத்துவிடலாமா என்று தேவராஜ் கேட்டார். கொடுத்தால் திறப்பான் என்பதற்கு யார் பொறுப்பு? வேண்டாம் என்றேன். மாற்று வழி என்னிடம் அப்போது இல்லை. இருந்தும் வேண்டாம் என்று சொல்லத் துணிந்தேன். அதற்கும் கொஞ்சம் தலைக்கனம் தேவைப்படுகிறது.

ஜெயராணி அழவில்லை. போன டிசைன்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். "இது கோபுரக் கரை. இது ஏழு வருசத்துக்கு முன்னாடி வரைஞ்சது. இது அன்னம், முத்தையா அண்ணாச்சி தறியில ஓடுதே, அது."

"ஓடுதா? இப்பவுமா?" என்றேன்.

"ஆமாக்கா, தீபாவளி முடியிற வரைக்கும் ஓடும்."

அவள் வெறுமனே புலம்பிக்கொண்டிருந்தாள். எனக்கோ மண்டையில் விளக்கு எரிந்தது. ஓடுகிறதென்றால் அந்த டிசைன் அங்கே இருக்கிறது!

நம் ஊர்த் தறிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பென் டிரைவில் ஒரு டிசைன்தான். வேலை முடிந்தாலும் அழிக்க மாட்டார்கள். பென் டிரைவின் ஓட்டையில் நூலைக் கோர்த்து, அந்தச் சேலையிலிருந்து ஒரு துண்டை வெட்டி அதோடு கட்டி, சுவரில் வரிசையாக ஆணி அடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். பெயர் எழுத மாட்டார்கள். துண்டைப் பார்த்தால் எந்த டிசைன் என்று தெரிந்துவிடும். எத்தனையோ முறை அந்தச் சுவரைப் பார்த்து, இந்தக் காலத்தில் இப்படியா என்று சிரித்திருக்கிறேன். ஆயிரக்கணக்கில் விலை சொல்லி நான் விற்ற பாதுகாப்பைவிட அந்த ஆணிகள் உறுதியாக இருந்தன.

மறுநாள் ஜெயராணியைக் கூட்டிக்கொண்டு முத்தையா அண்ணாச்சியின் தறிக்கூடத்துக்குப் போனேன். தறிச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் ஆணிகளை மறைத்துக்கொண்டு நின்றார்.

"வைரஸு வந்த வீட்டுக்கு எம் பென் டிரைவக் குடுக்கவா? நாளப்பின்ன எந் தறிக்கு வந்தா யாரு பொறுப்பு? தீபாவளி நேரம் தாயி, ஒரு நா நின்னாலும் எம் பொழப்புப் போச்சு."

அவர் கேட்டது நியாயம்தான். வாடிக்கையாளர் பயப்படும்போது பயப்படாதீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். பயத்துக்கு இடமில்லாதபடி வேலையை மாற்றி அமையுங்கள்.

"நீங்க ஒண்ணும் குடுக்க வேண்டாம் அண்ணாச்சி. பென் டிரைவு இந்தக் கூடத்த விட்டு வெளியே வராது. அந்த வீட்டுக் கம்ப்யூட்டர நான் கிட்டக்கவே கொண்டுவரல. இது புதுசா எல்லாத்தையும் அழிச்சுப் போட்ட லேப்டாப்பு. உங்க கண்ணு முன்னாடி காப்பி எடுத்துட்டு, இருந்த ஆணியிலயே திருப்பி மாட்டுறேன்."

அவர் ஜெயராணியைப் பார்த்தார். "எல்லாம் ஒன் டிசைனாம்மா?" என்றார். "பாதிக்கு மேல என்னோடது அண்ணாச்சி" என்றாள் அவள். அவர் விலகி நின்றார்.

ஜெயராணி துணித் துண்டுகளை விரலால் தடவிப் பார்த்து, "இது என்னோடது, இது இல்ல, இது என்னோடது" என்று எடுத்துக் கொடுத்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை. அவளுடைய வேலையை நான் முழுதாகப் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான். அடுத்து நாலு தறிக்கூடங்கள், மூன்று நாள். தறிக்கான கோப்பில் நிறங்கள் இருக்காது. எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்ற கணக்கு மட்டும்தான். அதைத் திறந்து மறுபடி நிறம் கொடுக்க அவளால் முடிந்தது. திங்கட்கிழமை வந்த மூன்று தறிக்கூடத்துக்காரர்களும் டிசைனோடு திரும்பிப் போனார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. தேவராஜ் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். 

எல்லாமே திரும்பி வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். தறிக்குப் போகாத டிசைன்கள் வரவில்லை. யாரும் கேட்காமல் அவள் ஆசைக்காக வரைந்து வைத்திருந்தவை அவை. அறுபதுக்கு மேல் இருக்கும். சேமிக்கவிடாமல் நான் தடுத்த அந்த முந்தியும் போனதுதான். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது.

கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதிதாக ஏற்றி முடித்ததும், "இப்ப எந்த ஆண்டிவைரஸ்க்கா போடப் போறீக?" என்று ஜெயராணி கேட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லவில்லை. திருப்பிக் கேட்டேன். இந்தக் கம்ப்யூட்டரில் எது போனால் அழுவாய்? யார் யார் இதைத் தொடுகிறார்கள்? வெளியிலிருந்து எதையெல்லாம் கொண்டுவந்து செருகுகிறீர்கள்? அரை மணி நேரம் பேசினோம். கம்ப்யூட்டரோடு இலவசமாக வருகிற பாதுகாப்பே அவளுக்குப் போதும் என்று தெரிந்தது, யாருக்கும் எதற்கும் விலக்கு கொடுக்காமல் இருந்தால். ஆண்டிவைரஸுக்கு வருடா வருடம் கட்டிய பணத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொன்னேன். சனிக்கிழமை மட்டும் செருகிப் பிரதி எடுத்துவிட்டு, கழற்றி பீரோவில் வைத்துவிட வேண்டும். சாஃப்ட்வேரையும் காசு கொடுத்தே வாங்கினாள், சிறியதாக, அவளுக்கு வேண்டிய அளவுக்கு. எந்தப் பெயர் நல்லது என்பது கடைசிக் கேள்வி. அதை முதல் கேள்வியாக எடுத்துக்கொண்டதுதான் என் தப்பு.

பிறகு, நான் டி டிரைவுக்கு விலக்கு கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போனேன். நாற்பதுக்கு மேல். ஒவ்வொரு வீட்டிலும் நான் செய்த தப்பைச் சொல்லிவிட்டு விலக்கை எடுத்தேன். "நல்லா ஓடிக்கிட்டு இருக்கறதக் கெடுக்க வந்துட்டீகளா?" என்று கேட்டவர்கள் உண்டு. கதவைத் திறக்காதவர்களும் உண்டு. ஐந்தாறு வீடுகள் என்னை விட்டு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டன. போகட்டும். இருபத்தாறு வருடத்தில் நான் செய்த நல்ல வேலை எது என்று கேட்டால், அந்த நாற்பது வீட்டு நடையைத்தான் சொல்வேன்.

அந்த நடையில் ஒருநாள் காரியாபட்டிப் பக்கம் ஒரு புது டிசைனர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. என் பழைய வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து அவள் வாங்கியிருந்த கம்ப்யூட்டரில் நான் கொடுத்த விலக்கு அப்படியே இருந்தது. ஜெயராணிக்கு அவளைத் தெரியும் என்பதால் கூட வந்தாள். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அந்தப் பெண் கம்ப்யூட்டருக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். "தப்பா செட்டிங் பண்ணது நீங்கதான்னு நீங்களே சொல்றீக. அப்புறம் உங்களையே எப்படித் தொடவிடுறது?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயராணி பேசினாள்.

"எங்க வீட்டுல அறுபது டிசைனு இவுகளாலதான் போச்சு. இப்பவும் இவுகளத் தவிர வேற யாரையும் என் சிஸ்டத்தத் தொடவிட மாட்டேன்."

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டாள்.